பெயர் அழிந்த பச்சை

நண்பர் கொடுத்த கண்ணாடிக் குப்பி என் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. உள்ளே 5 மில்லி பச்சை மை. ஊற்றுப் பேனாவில் ஆசை உள்ளவர்களுக்குள் இந்தக் கொடுக்கல் வாங்கல் சகஜம். ஒருவர் ஒரு புட்டி வாங்குவார், அதிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சிச் சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றித் தெரிந்தவர்களுக்கெல்லாம் தருவார். பிடித்தால் நாமும் ஒரு புட்டி வாங்கிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் 5 மில்லியோடு போயிற்று. 50 மில்லி புட்டியை ஒரே ஆள் எழுதித் தீர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது தினமும் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

குப்பியின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, மையின் பெயரை அதே மையால் எழுதியிருந்தார். பைக்குள் போட்டு எடுத்து வந்தேன். வழியில் தண்ணீர் பாட்டில் கசிந்துவிட்டது. வீட்டில் எடுத்துப் பார்த்தபோது பெயர் இருந்த இடத்தில் ஒரு பச்சைக் கறை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. நண்பருக்குப் போன் செய்தேன்.

"நாலஞ்சு பச்சை ஒரே நாள்ல ஊத்தி வெச்சேன், எதை உங்க கையில கொடுத்தேன்னு நினைவில்ல. நீங்க எழுதிப் பாருங்க. பெயர் அப்புறம் கிடைக்கும்" என்றார்.

பெயர் தெரியாதது நல்லதாகப் போயிற்று என்று இப்போது நினைக்கிறேன். பெயர் தெரிந்திருந்தால் முதலில் மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடியிருப்பேன். இந்த மை ஈரமாக ஓடும், அந்த மை காய நேரமாகும், இதில் சிவப்பு மினுக்கம் வரும் என்று படித்துவிட்டு, படித்ததையே தாளில் தேடியிருப்பேன். இந்த முறை என் கண்ணைத் தவிர வேறு துணை இல்லை.

முதல் தடயம் அந்தக் கறைதான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நடுவில் பச்சை. ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் கோடு, மயிரிழை அளவுக்கு. ஈரம் எந்தத் திசையில் பரவியதோ அந்தத் திசையில். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பச்சை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும் நம்மிடம் பச்சைகள் நிறைய. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, கரும்பச்சை, மரகதப்பச்சை, தளிர்ப்பச்சை. மை செய்கிறவர்களும் இதே மாதிரி பொருளைக் காட்டித்தான் பெயர் வைக்கிறார்கள். பைலட் நிறுவனத்தின் இரோஷிசுகு வரிசையில் 'ஷின்-ரியோகு' என்றால் ஆழ்ந்த பச்சை, 'சிகு-ரின்' என்றால் மூங்கில் தோப்பு. முதலாவது அடர்ந்த காட்டின் இருட்டுப் பச்சை, இரண்டாவது மஞ்சள் தூக்கலான இளம் பச்சை. ஜெர்மனியின் ரோரர் அண்ட் கிளிங்னர் செய்யும் 'ஆல்ட்-கோல்ட்க்ருன்' பெயரிலேயே பழம் பொன்பச்சை. டயமைன் நிறுவனம் இங்கிலாந்தில் உள்ள ஷெர்வுட் காட்டின் பெயரை ஒரு பச்சைக்கு வைத்திருக்கிறது. என் குப்பியில் இருந்ததை எங்கே வைப்பது? கண்ணாடி வழியாகப் பார்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. குலுக்கினால் கண்ணாடியில் வழிந்து இறங்கும் மெல்லிய படலம் பாசிப்பச்சை. மூடியின் உள்பக்கம் காய்ந்து ஒட்டியிருந்தது முற்றிய இலையின் நிறம். ஒரே குப்பிக்குள் மூன்று பச்சை.

முதலில் என்னிடம் இருப்பதிலேயே மெல்லிய நிப் கொண்ட பேனாவில் நிரப்பினேன். அது தவறான தொடக்கம். அதில் இருந்தது ஜப்பானிய ஃபைன் நிப், ஐரோப்பிய ஃபைன் நிப்பைவிட மெலிதாக எழுதும். ஊசியால் கீறியது மாதிரி கோடு. ஒரு பக்கம் எழுதி முடித்து நிமிர்ந்தால், பக்கம் முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது. பச்சை என்று சொன்னால்தான் பச்சை. மெல்லிய கோட்டில் நிறம் தங்க இடமில்லை. வெள்ளைத் தாளின் வெளிச்சம் இரண்டு பக்கமும் நெருக்கும்போது கண் அந்தக் கோட்டை ஏதோ ஓர் இருட்டான கோடு என்றுதான் எடுத்துக்கொள்கிறது. கறுப்புக்கோ நீலத்துக்கோ இது பெரிய குறையாகத் தெரியாது. பச்சைக்கு இது ஆளையே மாற்றிவிடுகிறது. அன்று இரவு விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அதே பக்கத்தை எடுத்துப் படித்தபோது இன்னும் சோர்ந்து தெரிந்தது.

மறுநாள் பேனாவைக் கழுவிவிட்டு, பிராட் நிப் உள்ள வேறொரு பேனாவில் நிரப்பினேன். அப்போதுதான் மை வாயைத் திறந்தது.

அகலமான நிப்பில் தமிழ் எழுதிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நம் எழுத்தில் பேனா நேராக ஓடும் இடம் குறைவு, வளைந்து திரும்பும் இடம் அதிகம். 'ண' எழுதும்போது சுழிகளில் பேனா மூன்று முறை தயங்குகிறது. தயங்கும் இடத்திலெல்லாம் மை கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது. மேலே ஏறும் கோடு வெளிர் பச்சை, சுழியின் அடியில் அடர் பச்சை. 'ழ'வின் கீழ்க் கொக்கி முடியும் இடத்தில் மை ஒரு சொட்டாக நின்று, அங்கே மட்டும் கரும்பச்சையாகக் காய்கிறது. இதைத்தான் ஷேடிங் என்கிறார்கள். நீல மைகளிலும் உண்டு, ஆனால் பச்சையில் இளம் தளிரிலிருந்து முற்றிய இலை வரை ஓர் எழுத்துக்குள்ளேயே வந்துவிடுவதால் கண் அதைச் சட்டென்று பிடிக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது புள்ளி. மெய்யெழுத்துக்கு வைக்கிறோமே, அந்தப் புள்ளி. பேனாவை நகர்த்தாமல் தொட்டு எடுப்பதால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குட்டிக் குளம் தேங்குகிறது. காய்ந்ததும் அந்தப் பக்கத்திலேயே அடர்த்தியான இடம் புள்ளிகள்தான். ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். வரிகள் மங்கி, கரும்பச்சைப் புள்ளிகள் மட்டும் மிதந்தன. 'க்', 'ந்', 'ம்' என்று எங்கெல்லாம் ஒலி அடைபட்டு நிற்கிறதோ அங்கெல்லாம் மையும் நின்றிருந்தது. இத்தனை வருடம் தமிழ் எழுதியும் கறுப்பு மை இதை எனக்குக் காட்டவில்லை.

மை இப்படி நிற்பதும் ஓடுவதும் பேனாவின் அமைப்பால் வருவது. நிப்புக்கு அடியில் ஒரு கறுப்புக் கட்டை இருக்கும், அதில் மெல்லிய வாய்க்கால்கள் வெட்டியிருக்கும். மை அந்த வாய்க்கால் வழியாக நிப்பின் பிளவுக்கு வருகிறது, இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று மேலே போகிறது. இந்தப் பண்டமாற்று சீராக நடந்தால்தான் கோடு சீராக வரும். லூயிஸ் வாட்டர்மேன் 1884-ல் காப்புரிமை பெற்றது இந்த ஏற்பாட்டுக்குத்தான். பக்கவாட்டில் கட்டையில் தெரியும் சீப்புப் பற்கள் மாதிரியான வெட்டுகள், திடீரென்று அதிகமாக வரும் மையைத் தாங்கி வைத்துக்கொள்ளும் இடம். சில பேனாக்கள் தாராளமாக ஊற்றும், சில கிள்ளித் தரும். இந்தப் பச்சைக்கு நடுத்தரமாகத் தரும் பேனாதான் பொருந்தியது. தாராளமாக ஊற்றும் பேனாவில் போட்டபோது எல்லாக் கோடும் ஒரே கரும்பச்சையாகி, ஏற்ற இறக்கமெல்லாம் போய்விட்டது.

தாளும் அப்படித்தான். முதலில் எழுதியது சாதாரண ஜெராக்ஸ் தாள், 75 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 75 கிராம். கோட்டின் இரண்டு பக்கமும் நார் நாராக மை ஓடியது, சின்னச் சின்ன வேர் விட்ட மாதிரி. பின்பக்கம் புள்ளிகள் அத்தனையும் ஊறித் தெரிந்தன. அடுத்து தொமோய் ரிவர் என்ற மெல்லிய ஜப்பானியத் தாள், 52 ஜிஎஸ்எம்தான். கையில் எடுத்தால் வெங்காயத் தோல் மாதிரி சரசரக்கும். எடையைப் பார்த்தால் மை அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் தாளின் மேல்பூச்சு மையை உள்ளே விடாமல் மேலேயே நிறுத்திவைக்கிறது. நின்ற மை மெதுவாகக் காய்வதால் நிறம் மேற்பரப்பிலேயே படிகிறது, ஷேடிங் முழுசாக வருகிறது. தாளின் கனத்தைவிட அதற்குப் போடும் பசைதான் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

மெதுவாகக் காய்வதற்கு ஒரு விலை உண்டு. எழுதிய வரியின் மேல் 5 நொடி, 10 நொடி, 20 நொடி என்று விட்டு விட்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் தாளில் 10 நொடிக்குள் காய்ந்துவிட்டது. ஜப்பானியத் தாளில் 40 நொடி கழித்தும் சுழிகளில் ஈரம். காயாத சுவரையும் பெயின்ட்டையும் நாம் "இன்னும் பச்சையா இருக்கு, கை வைக்காதே" என்போம். அன்று முழுக்க அந்தப் பேச்சு மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பச்சை மண், பச்சைப் புண், பச்சைக் குழந்தை என்று முற்றாத, ஆறாத, உலராத எல்லாவற்றையும் பச்சை என்கிறது தமிழ். ஈரத்துக்கும் இந்த நிறத்துக்கும் ஒரே சொல் வைத்திருப்பது, இந்த மையைப் பொறுத்தவரை அச்சொட்டாகச் சரி. ஈரமாக இருக்கும்போது அது மினுங்கும் பச்சை வேறு, காய்ந்த பச்சை வேறு. ஒரு வரியின் முடிவில் இருந்துகொண்டு அதே வரியின் தொடக்கம் நிறம் மாறிக்கொண்டே வருவதைப் பார்க்கலாம்.

நண்பருக்கு மூன்று பக்கக் கடிதம் ஒன்றை இந்த மையிலேயே எழுதி அனுப்பினேன். படிக்க முடிந்ததாம், ஆனால் மூன்றாம் பக்கத்தில் கண் களைத்துவிட்டதாம். நானும் படம் எடுத்து வைத்திருந்ததைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். சுழிகளும் புள்ளிகளும் தெரிந்தன, ஏறு கோடுகள் வெளிறிப் போயிருந்தன. நகல் எடுக்க வேண்டிய எதையும் இந்த மாதிரி வெளிர்ந்து அடரும் பச்சையில் எழுதக் கூடாது. பக்கம் பக்கமாக எழுதப் பச்சைதான் வேண்டும் என்றால் கரும்பச்சைக்குப் போவதே நல்லது. பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத் துறையின் முதல் தலைவர் மான்ஸ்ஃபீல்டு கம்மிங், தன் பெயரின் முதலெழுத்தான 'C' ஒன்றை மட்டும் பச்சை மையில் போட்டுக் கையெழுத்திடுவார். அவருக்குப் பின்னால் வந்த தலைவர்களும் அதே 'C'யைத் தொடர்கிறார்கள். அவர் எழுதியதெல்லாம் பச்சையாக இருந்திருந்தால் அந்த ஓர் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு வந்திருக்காது. ஆயிரம் கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே ஒரு பச்சை எழுத்து என்றால் கண் நேராக அங்கேதான் போகும்.

எழுத்து விஷயத்தில் என் தீர்ப்பு இதோடு முடிந்தது. அழகான மை, பிராட் நிப்பும் நல்ல தாளும் கேட்கும் மை, நீண்ட எழுத்துக்கு ஆகாத மை. இத்தோடு நிறுத்தியிருந்தால் குப்பியில் மிச்சம் இருந்ததை யாருக்காவது கொடுத்திருப்பேன்.

ஜன்னலோரம் தண்ணீர் பாட்டிலில் ஒரு மணி பிளான்ட் கொடி வளர்கிறது. அதன் ஓர் இலையை வரைய உட்கார்ந்தேன். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள், அதே பிராட் நிப் பேனா, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு தூரிகை. இலையின் வெளிக்கோட்டைப் போட்டேன், நடு நரம்பைப் போட்டேன், பக்க நரம்புகளில் நாலைந்து. ஒரு நிமிடம் காயவிட்டு, ஈரத் தூரிகையைக் கோட்டின் உள்பக்கமாக ஒரு முறை இழுத்தேன்.

கோடு அவிழ்ந்தது. அந்த நேரம் நடந்ததை அப்படியே சொல்ல முயல்கிறேன். தூரிகை பட்ட இடத்தில் பச்சை முதலில் ஒரு மேகமாக எழும்பியது. அந்த மேகத்தின் முன்விளிம்பு மஞ்சளாக ஓடியது. பின்னால், கோடு இருந்த இடத்தை ஒட்டி, மயில் கழுத்தில் பார்ப்போமே அந்த மாதிரி ஒரு நீலம் தங்கியது. இரண்டுக்கும் நடுவில், நான் இதுவரை மை என்று நினைத்துக்கொண்டிருந்த பச்சை. இலையின் விளிம்பு நீலமாகவும் நடுப்பகுதி வெயில் படுகிற மஞ்சள் பச்சையாகவும் தானாகவே விழுந்துவிட்டது. ஜன்னலோரத்து இலையை நிமிர்ந்து பார்த்தேன். வெளிச்சம் ஊடுருவும் நடுப்பகுதி மஞ்சளோடிய பச்சை, மடிந்து நிழல் விழுந்த ஓரம் நீலமோடிய பச்சை. நான் எதுவும் செய்யவில்லை. தண்ணீர் செய்தது.

குப்பியின் பெயர்க் கறையில் லென்ஸ் வைத்துப் பார்த்த மஞ்சள் கோடு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உடனே ஒரு வடிகட்டித் தாளை விரல் அகலத்துக்குக் கத்தரித்து, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு புள்ளி மை வைத்து, அடி நுனி மட்டும் தண்ணீரில் படும்படி ஒரு டம்ளரில் தொங்கவிட்டேன். பள்ளியில் செய்த சோதனைதான். தண்ணீர் தாளில் ஏறி வந்து புள்ளியைத் தொட்டது, தொட்டு அதையும் கூட்டிக்கொண்டு மேலே போனது. பத்து நிமிடத்தில் மேலே ஒரு மஞ்சள் பட்டை, கீழே ஒரு நீலப் பட்டை, நடுவில் பச்சை குறுகிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் பச்சை என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. மஞ்சள் சாயம் தண்ணீரோடு சுலபமாகப் போகிறது, நீலச் சாயம் தாளின் நாரைப் பிடித்துக்கொண்டு பின்தங்குகிறது. இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை நம் கண்ணுக்குப் பச்சை.

இப்படி நிறங்களைப் பிரிக்கும் முறையை உருவாக்கியவர் மிகயீல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். 1903-ல் அதைப் பற்றி முதலில் பேசினார், 1906-ல் அதற்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயர் கொடுத்தார். கிரேக்கத்தில் நிறம், எழுதுதல் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது அந்தப் பெயர். ஸ்வெட் என்ற அவர் குடும்பப் பெயருக்கும் ரஷ்ய மொழியில் நிறம் என்றே பொருள். அவர் எதைப் பிரித்தார் தெரியுமா? இலையின் பச்சையை. இலைச்சாற்றைச் சுண்ணாம்புத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் விட்டபோது அது பட்டை பட்டையாகப் பிரிந்தது. மஞ்சள்கள் தனி, பச்சை தனி, அந்தப் பச்சையும் ஒன்றில்லாமல் இரண்டு, ஒன்று நீலம் கலந்தது, இன்னொன்று மஞ்சள் கலந்தது. ஆக நான் வரைந்த இலையும் கூட்டு நிறம், வரைந்த மையும் கூட்டு நிறம். இது தெரிந்த பிறகு அந்தப் படத்தை என்னால் முன்பு மாதிரி பார்க்க முடியவில்லை. குப்பியைக் கையில் எடுத்தாலும் எனக்கு இப்போது இரண்டு சாயங்கள்தான் தெரிகின்றன.

அடுத்த இரண்டு வாரம் எழுதவே இல்லை, வரைந்தேன். சில விஷயங்கள் கை தெரிந்துகொண்டன. கோடு போட்ட உடனே தண்ணீர் தொட்டால் எல்லாம் கரைந்து ஒரே குழம்பு. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் கோட்டின் எலும்பு கொஞ்சம் நிற்கிறது, சதை மட்டும் கரைந்து வருகிறது. அந்த நிலைதான் எனக்கு வேண்டும். தூரிகையில் தண்ணீர் அதிகம் இருந்தால் மஞ்சள் வெகுதூரம் ஓடும், பிழிந்த தூரிகையாக இருந்தால் நீலமும் கூடவே வரும். ஆக, எந்தப் பக்கம் வெளிச்சம் வேண்டுமோ அந்தப் பக்கம் ஈரத்தை இழுத்துப் போனால் மஞ்சளும் அங்கே போய்விடும். மெல்லிய ஸ்கெட்ச் புக்கில் ஒரு முறை இதைச் செய்யப் போய்த் தாள் சுருண்டு, நார் கிளம்பி, படம் வீணாகப் போனது. தண்ணீர் வைத்து வேலை செய்வதென்றால் கனமான, பசை நன்றாகப் போட்ட தாள் வேண்டும். இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்க முடியாது.

கோடு கரையவே கூடாது என்றால் நிறமித்துகள் கலந்த மை வேண்டும். சாய மை தண்ணீரில் முழுசாகக் கரைந்திருப்பது, நிறமி மையில் மிகச் சின்னத் துகள்கள் மிதக்கின்றன, காய்ந்ததும் நாரில் சிக்கிக்கொள்ளும், தண்ணீருக்கு அசையாது. ஊற்றுப் பேனாவுக்கென்றே செய்த நிறமி மைகள் இருக்கின்றன. ஆனால் அரக்கு கலந்த இந்தியா இங்க்கை ஊற்றுப் பேனாவில் ஊற்றக் கூடாது. வாய்க்கால்கள் அடைத்துக்கொண்டால் பேனாவை மீட்பது பெரும்பாடு. நிறமி மையையும் பேனாவில் மாதக்கணக்கில் காயவிடக் கூடாது. ஒரு கட்டிடத்தை வரைந்தபோது நிறமிக் கறுப்பில் கோடு போட்டு, நிழலுக்கு மட்டும் இந்தப் பச்சையைத் தண்ணீரில் கலந்து தூரிகையால் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனசு பச்சைக் கோடு கரைகிற படங்களுக்குத்தான் திரும்பத் திரும்பப் போனது.

இலை, செடி, மரம் என்று பச்சையானவற்றையே பச்சையில் வரைந்துகொண்டிருந்தவன், ஒரு நாள் என் இடது கையை வரைந்தேன். தோலைப் பச்சையில் வரைந்தால் நோயாளிக் கையாக வருமோ என்ற தயக்கம் இருந்தது. வரவில்லை. கணுக்களின் பக்கவாட்டில், நரம்பு ஓடும் இடத்தில், விரலிடுக்கில் நிஜமாகவே ஒரு பச்சை இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. இடைக்கால இத்தாலிய ஓவியர்கள் முகம் வரையும்போது முதலில் பச்சை மண் நிறத்தைப் பூசி, அதன் மேல்தான் இளஞ்சிவப்பை ஏற்றினார்கள். சிவப்பின் கீழே பச்சை இருந்தால் தோல் உயிரோடு தெரியும். பல நூற்றாண்டில் மேல் பூச்சு தேய்ந்த பழைய பலகை ஓவியங்களில் முகங்கள் பச்சையோடிக் கிடப்பதை இப்போதும் பார்க்கலாம். என் படத்தில் மேலே ஏற்றுவதற்குச் சிவப்பு இல்லை, கீழ்ப் பூச்சோடு நின்றுவிட்ட கை அது. அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு அது பிடித்திருக்கிறது.

படங்களைப் போனில் எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. பெரும்பாலான கேமரா சென்சாரில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சைக்காக ஒதுக்கியிருக்கும், சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொன்றுதான். மனிதக் கண் பச்சைப் பக்கம் கூர்மையாக இருப்பதால் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்த ஏற்பாடு அது, 1976-ல் காப்புரிமை பெற்றது. இருந்தும் மயில் கழுத்து நீலம் திரையில் வெறும் நீலமாகவும், மஞ்சள் விளிம்பு அழுக்காகவும்தான் வந்தன. திரை காட்டக்கூடிய நிறங்களுக்கு எல்லை உண்டு, நீலப்பச்சைகள் அந்த எல்லைக்கு வெளியே விழுவது வழக்கம். மையின் நிறத்தைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான்.

வெளிச்சம் பற்றி இன்னொன்று. ஒரு மாலை, சிவப்பு மையில் ஒரு வரியும் பச்சையில் ஒரு வரியும் அடுத்தடுத்து எழுதிய தாள் மேஜை மேல் கிடந்தது. விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். இருட்ட இருட்ட சிவப்பு வரி முதலில் கறுத்துப் போனது. பச்சை வரி அதற்குப் பிறகும் வெகு நேரம் வெளிறித் தெரிந்தது. பகலில் நம் கண்ணுக்கு அதிகம் உறைப்பது 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகிலுள்ள மஞ்சள் பச்சை. இருட்டில் அது நீலப் பக்கம் நகர்ந்து 507 அருகே போய்விடுகிறது. புர்க்கின்யே என்ற செக் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் கவனித்தது இது, அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். சொல்லிக் கேட்டிருந்தாலும், சொந்தக் கையெழுத்தில் நடந்து பார்த்தது அன்றுதான்.

நிலைத்து நிற்குமா என்ற கேள்வி மிச்சம் இருந்தது. ஒரு தாளில் பட்டையாகப் பூசி, பாதியைக் கனமான அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவைத்தேன். நான்கு வாரம் கழித்து அட்டையை எடுத்தால் நடுவில் கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு. மூடிய பாதி பாசிப்பச்சை, திறந்த பாதி நீலம் கலந்த சாம்பல். மஞ்சள் போய்விட்டது. பழைய காலத்துப் பச்சைகளின் தொல்லை வேறு மாதிரி. செம்புக் களிம்பிலிருந்து செய்த பச்சை நிறம் பூசிய பழைய வரைபடங்களில், நிறம் இருக்கும் இடத்தில் மட்டும் தாள் பழுத்து உடைந்திருக்கும். 1775-ல் ஷீலே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பச்சையில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தது. இன்றைய சாயப் பச்சை தாளையும் தின்னாது, ஆளையும் கொல்லாது. வெயிலில் வைத்தால் தானாக மறையும், அவ்வளவுதான். சுவரில் மாட்டும் படத்துக்கு இந்த மை வேண்டாம். மூடிவைக்கும் ஸ்கெட்ச் புக்குக்கு இது போதும். என் படங்கள் எல்லாம் மூடிய புத்தகத்துக்குள்தான் இருக்கின்றன.

போன வாரம் நண்பர் பேசினார். எந்த மை என்று கண்டுபிடித்துவிட்டாராம், மிச்சம் இருந்த குப்பிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாராம். "பெயர் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"குப்பி காலியாகட்டும், அப்புறம் சொல்லுங்க" என்றேன்.

நேற்று காலியானது. கடைசி மூன்று சொட்டை பேனாவில் ஏற்ற முடியவில்லை, தூரிகையால் தொட்டு எடுத்தேன். பேனாவைக் கழற்றி, நிப்பையும் கட்டையையும் ஒரு வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்தேன். கட்டையின் பற்களுக்கிடையிலிருந்து பச்சை இழை இழையாக இறங்கி, அடியில் பாய் விரித்த மாதிரி படுத்தது. அரை மணி நேரத்தில் கிண்ணம் முழுவதும் தளிர் நிறம். வழக்கமாக அதை வாஷ்பேசினில் கொட்டிவிடுவேன். நேற்று கொட்டவில்லை. இரண்டு வாரம் முன்பு வரைந்து, வானம் மட்டும் வைக்காமல் விட்ட ஒரு மரத்தின் படம் இருந்தது. பெரிய தூரிகையை அந்தக் கிண்ணத்தில் தோய்த்து, மரத்துக்குப் பின்னால், இடமிருந்து வலமாக நான்கு முறை இழுத்தேன். இன்று காலை காய்ந்திருந்தது. அடிவானத்தை ஒட்டி லேசான மஞ்சள், மேலே போகப் போக நீலம்.

இனி நண்பரிடம் பெயரைக் கேட்க வேண்டும்.